பிங் போகுதே சார், அப்புறம் என்ன?

ரொம்ப நாளாக எழுதணும்னு நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. கொஞ்சம் பொட்டி தட்டுற சமாசாரம்தான். ஆனால் தங்கமணிக்கு வாசித்துக் காட்டி, "புரியுது, மேல போங்க" என்று சான்றிதழ் வாங்கிய பிறகே போடுகிறேன். பயப்படாமல் படிக்கலாம் :-)

நொய்டாவில் நான் ஆணி பிடுங்கும் இடத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது இருபது தடவை காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "சார், பிங் தோ ஆ ரஹா ஹை." பெங்களூருக்குப் போனால் அதையே கன்னடத்தில் சொல்வார்கள், சென்னையில் "பிங் போகுதே சார்". மொழி எதுவானாலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: "உன் பிரச்சினை என் பிரச்சினை இல்லை. போனை வை."

இந்த வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அதில் பாதிக் கோபம் என் மேலேயேதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பிங் என்றால் என்ன? நம் ஊர் பாஷையில் சொன்னால் மிஸ்டு கால். "போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுடா" என்று அம்மா சொல்லி அனுப்புவாரே, அதேதான். இங்கிருந்து ஒரு சின்னப் பாக்கெட் "இருக்கியா?" என்று போகும். எதிர்முனை "இருக்கேன்" என்று அதையே திருப்பி அனுப்பும். போய் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று திரையில் வரும். அவ்வளவுதான். மிஸ்டு கால் வந்தால் போன் உயிரோடு இருக்கிறது, சிக்னல் இருக்கிறது என்று தெரியும். பேசினால் குரல் கேட்குமா, பாதியில் அறுந்து போகுமா என்பதெல்லாம் அதில் தெரியுமா? தெரியாது.

இதை எழுதியவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது நெட்வொர்க் ஏதோ கிறுக்குத்தனம் செய்ய, கோளாறு எங்கே என்று பார்க்க எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் சோனார் எழுப்பும் 'பிங்' சத்தத்தைத்தான் பெயராக வைத்தார். கவனியுங்கள் மக்களே, மனிதர் இதை எழுதியது கோளாறைக் கண்டுபிடிக்க. நாம் பயன்படுத்துவது கோளாறே இல்லை என்று சாதிக்க. 2000-ல் ஒரு சாலை விபத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்து நம் கால் சென்டர்களைப் பார்த்திருந்தால் நொந்து போயிருப்பார்.

இப்போது என் பாவக் கதை.

2018-ல் எங்கள் குவாஹாட்டிக் கிளையில் ஒரு தம்பி வேலை பார்த்தான். சங்கரன்கோவில் பக்கம். அங்கே கம்ப்யூட்டர், பிரிண்டர், ரவுட்டர், யூபிஎஸ் எல்லாம் அவன் ஒருவன் தலையில். ஒரு நாள் காலை போன்.

"அண்ணே, லாகின் வருது. ரிப்போர்ட்டைத் தட்டுனா சுத்திக்கிட்டே இருக்கு, வர மாட்டேங்குது."

நான் இங்கிருந்து அந்தக் கிளை ரவுட்டரை ஒரு தட்டு தட்டினேன். ஐந்து ஆச்சரியக்குறி. நூற்றுக்கு நூறு. "பிங் போகுதுடா தம்பி. லைன் நல்லா இருக்கு. உன் பிசியைப் பாரு." வைத்துவிட்டேன்.

அவன் பிசியைப் பார்த்தான். இன்னொரு பிசியில் பார்த்தான். கேபிள் மாற்றினான், ஸ்விட்ச் மாற்றினான், விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டான். லைன் கொடுத்த நிறுவனத்தையும் கூப்பிட்டான். அவர்களும் ஒரு தட்டு தட்டி, "பிங் ஆ ரஹா ஹை" என்று டிக்கெட்டை மூடினார்கள். திறந்தான், மூடினார்கள். திறந்தான், மூடினார்கள். அந்தக் கிளையில் கவுன்டரில் நிற்கும் வாடிக்கையாளர் திட்டுவார், மேனேஜர் அவனைத் திட்டுவார், அவன் என்னைக் கூப்பிடுவான், நான் பிங் அடிப்பேன். இப்படிப் பதினேழு நாள்.

நடுவில் அவன் அக்காவுக்கு வளைகாப்பு. இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் போட்டு வைத்திருந்தான். குவாஹாட்டியிலிருந்து சங்கரன்கோவில் போய்ச் சேர ரயிலில் எத்தனை ராத்திரி என்று வடகிழக்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். "பிரச்சினையை முடிச்சிட்டுப் போ" என்றார்கள். லைன் நன்றாக இருக்கிறது, தப்பு அவனுடையது என்பதற்கு ஆதாரம்? நான் எடுத்து அனுப்பிய பிங் ஸ்கிரீன்ஷாட். அவன் போகவில்லை.

பதினேழாம் நாள், வேறு யாருக்கும் வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை, நான் முதல் தடவையாக உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். சரியாகச் சொன்னால் ஒன்றரை மணி நேரம்.

என்ன கோளாறு என்று வீடு மாற்றிய கதையாகச் சொல்கிறேன். நாமெல்லாம் அடிக்கடி வீடு மாற்றுகிற ஜாதிதானே. புது வீட்டுத் தெருவில் நுழைய ஒரு ரயில்வே பாலம். நீங்கள் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு "வழி நல்லா இருக்கு" என்று வருகிறீர்கள். மறுநாள் சாமான் ஏற்றிய லாரி பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. தெரு மூடியிருந்ததா? இல்லை. சைக்கிள் போனது பொய்யா? இல்லை. ஆனால் உங்களுக்குப் போக வேண்டியது லாரி.

ரவுட்டரில் சாதாரணமாகத் தட்டும் பிங் 100 பைட். விண்டோஸில் தட்டினால் அதன் தகவல் பகுதி வெறும் 32 பைட். இவை சைக்கிள். ரிப்போர்ட் பக்கம் வருவது 1500 பைட் பாக்கெட்டுகளில். அது லாரி. லைன் கொடுத்தவர்கள் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிளைப் பக்கத்துப் பாதையை வேறு வழியாக மாற்றியிருக்கிறார்கள். புது வழியில் நடுவே ஒரு டனல், அதனால் பாலத்தின் உயரம் குறைந்துவிட்டது. சுமார் 1400 பைட் வரை போகும், 1500 போகாது. லாகின் பக்கம் சின்னது, வந்தது. ரிப்போர்ட் பெரியது, வரவில்லை.

"பாலம் சின்னதா இருந்தா சாமானைப் பிரிச்சு அனுப்ப வேண்டியதுதானே?" என்று தங்கமணி கேட்டார். சரியான கேள்வி. ஆனால் இந்தக் காலத்து சர்வர்கள் தங்கள் பாக்கெட்டுகளில் 'பிரிக்காதே' என்று ஒரு குறி போட்டே அனுப்பும். வழியில் உள்ள ரவுட்டர் "பெரிசா இருக்கு, சின்னதா அனுப்பு" என்று சர்வருக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து சர்வர் அளவைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சீட்டும் பிங் பயணிக்கும் அதே ஐசிஎம்பி என்ற வண்டியில்தான் வரும்.

குவாஹாட்டிப் பக்கத்து ரவுட்டர் பாவம் ஒழுங்காகச் சீட்டு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அதை மறித்துக் குப்பையில் போட்டது யார் தெரியுமா? நொய்டாவில் எங்கள் ஃபயர்வால். "பாதுகாப்பு" என்று சொல்லி, பிங்கைத் தவிர மற்ற ஐசிஎம்பி அத்தனையையும் தடுத்து வைத்திருந்தோம். பிங்கை மட்டும் ஏன் விட்டோம்? டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிய வேண்டுமே! சர்வருக்குச் சீட்டு வரவே இல்லை. அது அதே லாரியை அதே பாலத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் செய்தது இவ்வளவுதான். சர்வரிலிருந்து 'பிரிக்காதே' குறியோடு 1472 பைட் பிங். (1472-ஓடு தலைப்பகுதிகள் 28 சேர்ந்தால் 1500.) பதில் இல்லை. 1372 போட்டேன், பதில் வந்தது. ஃபயர்வாலுக்கு வெளியே இருக்கும் ரவுட்டரிலிருந்து அதே 1500-ஐ அனுப்பினேன், புள்ளிகளுக்கு நடுவில் 'எம்' என்ற எழுத்து வந்தது. 'பெரியது, பிரிக்க முடியவில்லை' என்று அர்த்தம். வெளியே சீட்டு வருகிறது, உள்ளே வரவில்லை. முடிந்தது கதை. ஆக, கோளாறைக் காட்டிக் கொடுத்ததும் பிங்தான். பதினேழு நாள் மறைத்ததும் பிங்தான். கருவியில் குறை இல்லை, தட்டிய கை என்னுடையது.

அந்த மாத முடிவில் லைன் நிறுவனத்திடமிருந்து அறிக்கை வந்தது. குவாஹாட்டி லிங்க் அப்டைம்: 100 சதவீதம். ஒப்பந்தத்தில் 99.5 சதவீதம்தான் கேட்டிருந்தோம், அதாவது மாதத்துக்கு 3.6 மணி நேரம் படுத்துக்கொள்ளலாம். அவர்கள் கணக்கில் ஒரு நிமிஷம்கூடப் படுக்கவில்லை. பிங் போனதே! பதினேழு நாள் ஒரு கிளையே வேலை செய்யவில்லை, அபராதம் பூஜ்யம்.

இனி என் சண்டைக்கு வருகிறேன். பிங்கை முதலில் தட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, நானும் அதைத்தான் முதலில் தட்டுவேன். ஆனால் முதல் கேள்வியையே கடைசித் தீர்ப்பாக எழுதி டிக்கெட்டை மூடுவது அயோக்கியத்தனம்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு லைனில் நூற்றுக்கு ஒரு பாக்கெட் காணாமல் போகிறது என்று வையுங்கள். விண்டோஸ் நாலு பிங் அடித்து நிறுத்திவிடும். அந்த நாலில் ஒன்றுகூட விழாமல் போக எவ்வளவு வாய்ப்பு? 96 சதவீதம்! நூறு தடவை சோதித்தால் 96 தடவை "லைன் சூப்பர்" என்றுதான் சொல்வீர்கள். நூற்றுக்கு ஐந்து விழும் லைனிலேயே 81 தடவை அப்படித்தான் சொல்வீர்கள்.

"ஒரு சதவீதம்தானே, போனால் போகிறது" என்பவர்களுக்கு: 1997-ல் மாத்திஸும் கூட்டாளிகளும் போட்ட டிசிபி சூத்திரம் ஒன்று உண்டு. போய் வர 40 மில்லி செகண்ட், இழப்பு ஒரு சதவீதம் என்றால், அந்தக் காலத்து டிசிபியில் ஒரு இணைப்புக்குக் கிடைக்கும் வேகம் சுமார் மூன்றரை எம்பிபிஎஸ். நீங்கள் 100 எம்பிபிஎஸ் லைனுக்குப் பணம் கட்டியிருந்தாலும் அதேதான். புது வகை டிசிபிகள் கொஞ்சம் தேவலை, ஆனாலும் அடி அடிதான். பேச்சு, வீடியோ என்றால் சொல்லவே வேண்டாம்.

"எங்களுக்கு ஒரு நாளைக்கு நூறு டிக்கெட், எங்கே நேரம்?" என்பார்கள். நானும் இதையே சொல்லியிருக்கிறேன். ஒழுங்காகச் சோதிக்க ஒன்றரை மணி நேரம். சோதிக்காமல் விட்டதில் பதினேழு நாளில் அதே டிக்கெட்டை எத்தனை பேர் எத்தனை தடவை தொட்டிருப்போம்? அந்த நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? எங்கள் கணக்கில் எழுதவில்லை, தம்பி கணக்கில் எழுதிவிட்டோம். மூடிய டிக்கெட் எண்ணிக்கைக்குத்தான் கைதட்டல், தீர்ந்த பிரச்சினைக்கு இல்லை என்று வைத்தால் இதுதான் நடக்கும்.

திட்டிவிட்டு மட்டும் போனால் நன்றாக இருக்காது. லைனைப் பார்க்கும் தம்பி, தங்கைகளுக்காக நான் இப்போது கடைப்பிடிப்பது:

1. நாலு போதாது. ஆயிரம் அடியுங்கள். ஓட விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

2. சின்னதும் பெரிதும் அடியுங்கள். பெரிதை 'பிரிக்காதே' குறியோடு அடியுங்கள். குறி இல்லாவிட்டால் வழியில் பிரித்து அனுப்பிவிடுவார்கள், பாலம் சின்னது என்பதே தெரியாது.

3. எங்கிருந்து எங்கே என்று பாருங்கள். லைன்காரர் தன் ரவுட்டரிலிருந்து உங்கள் வாசல் ரவுட்டர் வரை தட்டுவார். அது வாசல்மணி. உங்கள் கிளைக் கம்ப்யூட்டரிலிருந்து தலைமை அலுவலக சர்வர் வரை அடிப்பதுதான் சோதனை. எம்பிஎல்எஸ் லைனில் இரண்டு வாசலும் திறந்திருக்கும், நடுவில் ரூட் இருக்காது. பார்த்திருக்கிறேன்.

4. எப்போது என்று பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் காலி லைனில் பிங் பறக்கும். காலை பதினோரு மணிக்கு, எல்லோரும் வேலை செய்யும்போது அடியுங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், அதிகபட்சத்தையும் பாருங்கள்.

5. லைன் நன்றாக இருக்கும்போதே எண்ணை எழுதி வையுங்கள். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். டெல்லி–சென்னை நேர்கோட்டில் சுமார் 1,750 கிலோமீட்டர். போய் வர 17 மில்லி செகண்டுக்குக் கீழே யாராலும் தர முடியாது. சுற்றி வரும் பாதையில் 40 வந்தால் தப்பில்லை. தினமும் 40 வந்தது ஒரு நாள் 90 என்றால், எங்கோ கேபிள் அறுந்து வேறு ஊர் சுற்றி வருகிறது என்று அர்த்தம். செயற்கைக்கோள் விசாட் என்றால் 500-க்கு மேல்தான் வரும், 35,786 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்க வேண்டுமே. அதைப் போய் கோளாறு என்று சண்டை போடாதீர்கள்.

6. பிங் வராததாலேயே லைன் செத்துவிட்டது என்றும் சொல்லாதீர்கள். நிறைய ஃபயர்வால் பிங்கை மறிக்கும். நடுவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைக் கடத்தும் வேலையைப் பார்த்துக்கொண்டு பிங்குக்குச் சாவகாசமாகப் பதில் சொல்லும். நடுவில் மட்டும் இழப்பு தெரிந்து கடைசியில் சரியாக இருந்தால், அது இழப்பே இல்லை.

7. கடைசியாக, புகார் என்னவோ அதையே சோதியுங்கள். ரிப்போர்ட் வரவில்லை என்றால் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். பிங் வருவதைப் பற்றி அவன் புகாரே சொல்லவில்லையே!

வீட்டில் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது படம் உறைந்து போகிறதா? உங்களுக்கும் இதே வைத்தியம்தான். முதலில் வீட்டு வைஃபை பெட்டிக்கே பிங் அடியுங்கள். அங்கேயே விழுந்தால் கோளாறு உங்கள் சுவருக்குள்தான், கம்பெனிக்காரரைத் திட்டிப் பயன் இல்லை. அங்கே சரியாக இருந்தால் வெளியே அடியுங்கள். பையன் பள்ளிக்கூட வீடியோவை மேலே ஏற்றும்போது ஒரு தடவை, ஏற்றாதபோது ஒரு தடவை. 20 என்பது 400 ஆனால் லைன் செத்துப் போகவில்லை, வரிசையில் நிற்கிறது. பையனை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசுங்கள் :-)

கஸ்டமர் கேரில் "உங்க லைன்ல பிங் வருது சார்" என்றால், "எத்தனை அடிச்சீங்க, எவ்வளவு பெரிசு, எங்கிருந்து எங்கே?" என்று இந்த மூன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் சத்தமே வராது. அப்புறம் டிக்கெட் மேலே போகும்.

தம்பி கதையை முடித்துவிடுகிறேன். ஃபயர்வாலில் அந்த ஒரு வகைச் சீட்டுக்கு மட்டும் வழிவிட்டதும் குவாஹாட்டியில் ரிப்போர்ட் வந்துவிட்டது. போன் செய்து சொன்னேன். "சரிண்ணே, வந்துருச்சு" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன், கொஞ்சம் வழிசலாக. "நீயும் டெய்லி கூப்பிட்ட, நானும் டெய்லி எடுத்தேன்..." என்று ஏதோ உளறினேன்.

"எடுத்தீங்கண்ணே. நான் சொன்னதைத்தான் கேக்கலை" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவன் வேலையை விட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டான். இப்போது எந்த டிக்கெட்டில் "பிங் ஓகே" என்று பார்த்தாலும் நான் மூட விடுவதில்லை. புகார் சொன்னவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு வேலை நடக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். டமேஜருக்கு என் மேல் கடுப்பு, மூடும் எண்ணிக்கை குறைகிறதாம். குறையட்டும்.

டிஸ்கி: "எங்க கம்பெனியிலும் இதே கூத்துதான்" என்பவர்கள் பின்னூட்டத்தில் கொட்டலாம். நிறுவனப் பெயர் மட்டும் வேண்டாம் மக்களே, எல்லோருக்கும் ஈஎம்ஐ இருக்கிறது.